மரப்பாச்சி தேடித் திருப்பதிக்கு

சிட்னி மாநகரில் நாங்கள் வசிக்கும் இல்லத்தில், எங்கள் பெயர்த்தியின் படிப்பு மேசைக்கு மேலே ஒரு சிறு அலமாரி இருக்கிறது. அதன் தட்டுகளில் அவளுடைய குடிமக்கள் இருபத்து மூவர் வாசம் செய்கின்றனர். ஒவ்வொருவரும் எட்டு சென்டிமீட்டர் உயரம் இருப்பர். வைனில் என்னும் பிளாஸ்டிக்கில் வார்த்த குழந்தைப் பொம்மைகள் அவை. ஒருவன் தலையில் முயற்காது. ஒருவன் தலையில் பழம். மற்றொருவன் தலையில் பூ. உடம்பிலோ ஒரு முழத் துணியும் இல்லை! சன்னி ஏஞ்சல் என்று பெயர். 2004 ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் பிறந்த இப்பொம்மைகள் இன்று உலகெங்கும் சிறுவர் சிறுமியரை மட்டுமன்றிப் பெரியவர்களையும் மயக்கி வைத்திருக்கின்றன.

இவற்றை வாங்குவதில் ஒரு விந்தை உண்டு. பெட்டியைப் பிரிக்கும் வரையில் உள்ளே யார் இருக்கிறார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. ஒரு வரிசையில் 12 உருவங்கள் என்றால், அவற்றோடு பெட்டியின் மேல் காட்டாத மறைவான உருவம் ஒன்றும் எங்கோ ஒளிந்திருக்கும். ஆகவே வேண்டியவன் வரும் வரையில் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வேண்டாதவன் இரண்டு முறை வந்து நிற்பான். இந்த வணிகத் தந்திரத்தைக் கண்டு நாங்கள் முதலில் முகம் சுளித்தோம். பிறகு தீப்பெட்டிப் படங்களுக்காகத் தெருத் தெருவாக அலைந்த எங்கள் இளமைப் பருவம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டோம்.

சென்ற நவராத்திரியில் எங்கள் வீட்டுக் கொலுவின் கீழ்ப்படியில் இந்தக் குடிமக்களுக்கும் இடம் கொடுத்தோம். வரிசையாக நிறுத்தி முடித்த பெயர்த்தி, நிமிர்ந்து மேற்படியைப் பார்த்தாள். கலசத்தின் பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

"பாட்டி, அங்கே யார்?"

"அது மரப்பாச்சிக்கு உள்ள இடம், கண்ணே. நம் மரப்பாச்சி சித்தூரில் பெரிய பாட்டி வீட்டில் இருக்கிறது."

அவள் சிறிது யோசித்தாள். "ஜப்பானிலிருந்து பொம்மை பத்து நாளில் வந்துவிடுகிறதே! சித்தூரிலிருந்து வர ஏன் இத்தனை வருஷம்?"

முப்பது ஆண்டுகளாக எங்களை நாங்களே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. தை மாதத்தில் புறப்பட்டோம்.

புறப்படும்பொழுது பெயர்த்தி தன்னிடம் இரண்டாக இருந்த முயற்காதனில் ஒருவனை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, "பெரிய பாட்டிக்கு" என்று எங்கள் கைப்பையில் வைத்தாள்.

சென்னையிலிருந்து காட்பாடி வரை ஒரு வண்டி. அங்கிருந்து சித்தூருக்கு வேறு வண்டி. காட்பாடியைத் தாண்டியதும் நிலையப் பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. வயலும் பாறைக் குன்றும் மாமரமும் மாறுவதில்லை. 1911 ஆம் ஆண்டு வரையில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது சித்தூர். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 இல் ஆந்திர மாநிலம் அமைந்தபொழுது சித்தூரும் திருப்பதியும் அதனோடு சென்றன. வடக்கு எல்லைக்காக ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடியதன் பயனாக 1960 இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பி வந்தது. இவ்வரலாற்றை இங்கே நீட்டப் போவதில்லை. சித்தூர்க் கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிக்கும் மக்களைக் கண்டால், கோடு கிழித்தவர்களைவிடக் காய்கறி விற்பவர்கள் கெட்டிக்காரர்கள் என்றே தோன்றும்.

அக்காவுக்கு வயது எண்பது. திண்ணை வைத்த பழைய வீடு. நாங்கள் கை கால் கழுவுமுன்பே, "எதற்கு வந்தீர்கள் என்று தெரியும், அதற்கு முன் சாப்பிடுங்கள்" என்று இலை போட்டுவிட்டார். உணவுக்குப் பின் பரணிலிருந்து தகரப் பெட்டி இறங்கியது. பழைய பட்டுப்புடவைக் கிழிசலில் சுற்றி, இடையே வசம்பு வைத்து, எங்கள் அன்னை எப்படிக் கட்டி வைத்தாரோ அப்படியே இருந்தன அந்த ஆணும் பெண்ணும்.

1943 ஆம் ஆண்டில் எங்கள் அன்னையின் திருமணத்துக்காகப் பாட்டனார் திருப்பதிக் கடைத்தெருவில் வாங்கிய இணை அது. ஒரு சாண் உயரம். ஒரே கட்டையில் செதுக்கியவை. கைகள் உடலோடு ஒட்டியே இருக்கும். குழந்தை கீழே போட்டாலும் ஒடியாது. ஆண் பொம்மையின் மூக்கு மட்டும் தேய்ந்திருக்கிறது. தேய்த்தவர்கள் நாங்கள்தாம்: அக்காவும் அவருடைய தம்பி தங்கையரும் பல் முளைக்கும் பருவத்தில் மாறி மாறிக் கடித்த மூக்கு அது. செம்மரப் பொம்மையை வாயில் வைத்தால் குழந்தைக்கு நல்லது என்பது அக்காலத்து நம்பிக்கை. மருத்துவர்கள் என்ன சொல்வார்களோ, நாங்கள் அறுவரும் நன்றாகவே வளர்ந்தோம்.

முயற்காதனை எடுத்து அக்காவிடம் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன இது, கோவணம்கூட இல்லாமல்! ஜப்பான்காரனுக்குத் துணிப் பஞ்சமா?"

"மரப்பாச்சிக்கு மட்டும் துணியோடா அக்கா செதுக்குகிறார்கள்?"

அக்கா சிரித்தார். உண்மைதானே? மரப்பாச்சியும் ஆடையின்றியே கடைக்கு வருகிறது. அதற்குச் சேலையும் வேட்டியும் கட்டி, நகை பூட்டி, கல்யாணம் செய்து வைப்பதுதான் நம் வீட்டுச் சிறுமியரின் முதல் கைவேலை. தச்சன் பாதிப் பொம்மையைச் செய்கிறான். மீதிப் பாதியைக் குழந்தை செய்கிறது.

"எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார் அக்கா. "எனக்குப் பின்னால் இங்கே கொலு வைக்க யார் இருக்கிறார்கள்?"

அப்பொழுது அலுவலகத்திலிருந்து திரும்பிய அக்காவின் மகன் ஒரு பேச்சுப் பேசினான். எங்கள் மகிழ்ச்சி அத்தோடு நின்றது.

"மாமா, இது செம்மரம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் என்ன சொல்வீர்கள்?"

வெளிநாட்டில் வாழும் அன்பர்கள் பலருக்கு இந்தச் செய்தி பயன்படும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறோம். செம்மரம், செஞ்சந்தனம், தெலுங்கில் எர்ர சந்தனம் என்றெல்லாம் வழங்கும் இம்மரம் உலகில் வேறெங்கும் பெருங்காடாக இயற்கையில் வளர்வதில்லை. கடப்பை, சித்தூர், நெல்லூர்ப் பகுதிகளின் மலைகளே, சிறப்பாகச் சேஷாசலத் தொடரே, அதன் தாயகம். மணமில்லாத மரம் அது. அதன் பெருமையெல்லாம் நிறத்திலும் வைரத்திலும் இருக்கிறது. முன்னாளில் ஐரோப்பியர் சாயத்துக்காகக் கொண்டு சென்றனர். சீனத்தில் அரசர் வீட்டு மேசை நாற்காலிகளுக்கு உகந்த மரமென்று போற்றினர். ஜப்பானில் சாமிசென் என்னும் மூன்று நரம்பு இசைக்கருவியின் கழுத்துக்கு இதைவிடச் சிறந்த மரம் இல்லை என்கின்றனர். விலை ஏற ஏறக் காடு குறைந்தது. அருகி வரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 ஆம் ஆண்டில் செம்மரம் சேர்க்கப்பட்டது. இந்திய அரசின் ஏற்றுமதி விதிகளும் கடுமையானவை: மரத்தை வெளியே அனுப்பத் தடை, அதில் செய்த பொருளாயினும் உரிய உரிமம் வேண்டும். 1943 ஆம் ஆண்டுப் பொம்மைக்கு எந்தக் கடையின் ரசீதை நாங்கள் காட்டுவது? பாட்டனார் கொடுத்தது ஓரிரண்டு ரூபாய். வாங்கி வந்தது ஒரு துணிப்பையில்.

ஜப்பானுக்கு நம் மரம் போயிற்று. ஜப்பானிலிருந்து வைனில் பொம்மை வருகிறது. ஆனால் சித்தூர்ப் பாட்டி வீட்டுப் பொம்மை பெயர்த்தி வீட்டுக்குப் போக வழியில்லை! அன்று இரவு எங்களுக்கு இருந்த எரிச்சலை மறைக்கப் போவதில்லை. கடத்துபவன் கப்பலில் கடத்துகிறான். ஒரு சாண் பொம்மைக்கா சட்டம் என்று பேசிக்கொண்டே படுத்தோம்.

மறுநாள் காலை, புதிய இணையாவது முறைப்படி கிடைக்குமா என்று பார்க்கத் திருப்பதிக்கு இரயில் ஏறினோம். பாகாலையைக் கடந்து சந்திரகிரி வரும்பொழுது, இடப்புறம் மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. விசயநகர அரசர்களின் கடைசிக் காலத் தலைநகரங்களுள் ஒன்று சந்திரகிரி. பக்தர்கள் மலையைப் பார்த்துக் கைகூப்பினர். எதிரே அமர்ந்திருந்த சவ்வாது மலைப் பக்கத்து மனிதர் ஒருவர் கைகூப்பியபின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச்சுக் கொடுத்தோம். அவருடைய ஊருக்குப் பக்கத்து ஊரிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் சிலர் இந்தக் காட்டிலிருந்து பிணமாகத் திரும்பினராம்.

2015 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்படையினர் சுட்டதில் 20 தமிழர்கள் மாண்டனர். செம்மரம் வெட்டியவர்கள் கோடரியாலும் கற்களாலும் தாக்கியதால் சுட்டோம் என்றனர் காவலர். பிடித்துவைத்துப் பின்பு கொன்றனர் என்று மனித உரிமை இயக்கத்தினர் குற்றஞ்சாட்டினர். மாண்டவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் ஏழைக் குடும்பத்தினர். மரத்தை விற்றுப் பணம் குவித்தவர் எவரும் அந்த இருபதின்மரில் இருந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

இச்செய்தியைச் சிட்னியில் செய்தித்தாளில் படித்துவிட்டு அப்பொழுதே மறந்திருந்தோம். அந்த மனிதர் எதிரே இருக்கையில், முந்தைய இரவு நாங்கள் பேசிய பேச்சு எங்களுக்கே கூச்சம் தந்தது. திருப்பதி நிலையத்தில் இறங்கும் வரையில் மரப்பாச்சியைப் பற்றி ஒருவரோடொருவர் பேசவில்லை.

2022 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகரம். ஊர் மிகவும் பெருத்துவிட்டது. கோவிந்தராசர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் பழைய திருப்பதியைக் காணலாம். மஞ்சள், குங்குமம், கறுப்புக் கயிறு, பித்தளை விளக்கு, மொட்டைத் தலைகளுக்குக் குல்லாய் எல்லாம் உண்டு. பொம்மைக் கடைகளும் உண்டு. முதல் கடையின் வாசலில் சரஞ்சரமாகத் தொங்கியவை எவை என்று நினைக்கிறீர்கள்? வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய வைனில் பொம்மைகள்! எங்கள் பெயர்த்தியின் குடிமக்களுக்கு இங்கேயும் உறவினர் இருக்கின்றனர். அசலா போலியா என்று சொல்லும் திறம் எங்களுக்கு இல்லை.

"மரப்பாச்சி இருக்கிறதா?" என்று கேட்டோம். கடைக்காரர் உள்ளேயிருந்து ஓர் இணையை எடுத்து வைத்தார். கருஞ்சிவப்பு, பளபளப்பு. கையில் எடுத்தால் கனமில்லை. செம்மரத்தின் வைரம் தண்ணீரில் மூழ்கும் அளவு கனமானது. அந்தக் கனத்தைப் பிள்ளைப் பருவத்தில் தூக்கிய கை மறக்காது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததைக் கவனித்த கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"அம்மா, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சாயம் போட்டதுதான். யாத்திரை வருகிறவர்களுக்கு இது போதும். செதுக்குகிற கையைப் பார்க்க வேண்டுமானால் மாதவமாலைக்குப் போங்கள்."

நேர்மைக்காகவே அவரிடம் ஒரு சொப்புச் செட்டு வாங்கிக்கொண்டோம்.

திருப்பதியிலிருந்து காளத்தி செல்லும் வழியில் ஏர்ப்பேட்டை அடுத்து உள்ளது மாதவமாலை. மரச் சிற்பத்தால் பேர்பெற்ற சிற்றூர். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு உளிச் சத்தம் கேட்கும். சீனிவாசர், பத்மாவதி, தசாவதாரம், விநாயகர் என்று திண்ணைகளில் தெய்வங்கள் பாதி உருவில் படுத்துக் கிடக்கின்றனர். ஒருவருக்கு முகம் முடிந்து கால் இல்லை. ஒருவருக்குக் கிரீடம் முடிந்து கண் திறக்கவில்லை. காற்றெல்லாம் மரத்தூள்.

ஐம்பது வயதுள்ள சிற்பி ஒருவர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். அவருக்குத் தமிழ் பாதி. எங்களுக்குத் தெலுங்கு பாதி. அக்கா வீட்டு மரப்பாச்சியைக் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கிக் கழுத்துக்கோடுகளைப் பார்த்தார், பாதத்தடியைப் பார்த்தார்.

"நல்ல கை" என்றார். "அவசரமாகச் செய்தவன்தான், ஆனால் கை தெரிந்தவன். இந்தக் கழுத்துக்கோட்டை ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறான்."

எண்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன, பெயர் தெரியாத ஒரு தொழிலாளிக்கு அவ்வளவு பாராட்டு! எங்கள் பாட்டனாரே கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

செம்மரத்தைப் பற்றிக் கேட்டோம். மூலையிலிருந்து விரற்கடை அளவுள்ள துண்டு ஒன்றை எடுத்து மோர்ச் செம்பின் பக்கத்திலிருந்த தண்ணீரில் போட்டார். கல்போல் அடியில் போய்த் தங்கியது. வெளிமரம் வெளுப்பு, அதற்கு விலையில்லை; உள்ளே இருக்கும் வைரத்துக்குத்தான் விலை என்றார். மெதுவாக வளரும் மரம். தாத்தா நட்டால் பேரனுக்கும் போதாது. முறையான வழியில் அரசு கொடுத்தால்தான் தொடலாம், இல்லாவிட்டால் வீட்டில் ஒரு துண்டு இருப்பதும் வம்பு என்றார். "என் அப்பா காலத்தில் சிறுபிள்ளைகள் விளையாடக் கழிவுத்துண்டில் மரப்பாச்சி செய்வோம். இப்போது கழிவுத்துண்டு என்று ஒன்று கிடையாது."

பிறகு அவரே வழி சொன்னார். "வேம்பில் செய்து தருகிறேன். வேம்பின் வைரமும் சற்றுச் சிவப்புத்தான். பூச்சி அண்டாது. ரசீது தருகிறேன். செம்மரம் மாதிரி இருக்கச் சாயம் போடட்டுமா?"

அந்த ஒரு கணம் எங்கள் மனம் ஊசலாடியது. மேற்படியில் சிவப்பாக இருந்தால் எவ்வளவு அழகு! ஆனால் திருப்பதிக் கடையில் கையில் எடுத்துப் பார்த்த கனமற்ற சிவப்பு நினைவுக்கு வந்தது. இரயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவரும் நினைவுக்கு வந்தார். வேம்பு வேம்பாகவே இருக்கட்டும் என்றோம். சிற்பிக்கு அது பிடித்திருந்தது என்பதை அவர் உளியைத் தேர்ந்தெடுத்த விதத்திலிருந்து அறிந்தோம்.

நான்கு நாள் கழித்துச் சென்று வாங்கினோம். அக்காவின் இணையைப் போன்றே கைகள் உடலோடு ஒட்டி, பாதம் பீடத்தோடு சேர்ந்து, ஒரு சாண் உயரம். கழுத்துக்கோடு ஒரே இழுப்பு! நாங்கள் கேட்காமலே அதைச் செய்திருந்தார்.

மரப்பொருள் எதுவாயினும் ஆஸ்திரேலியாவில் இறங்கியவுடன் அறிவித்தாக வேண்டும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஊறுகாய்ப் புட்டிக்காக ஒருமுறை பட்டபாடு எங்களுக்குப் போதும். ஆகவே பொம்மைகளைப் பெட்டியின் மேலேயே வைத்து அறிவித்தோம். சோதனை அதிகாரியாக இருந்த இளம்பெண் இரண்டையும் விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூச்சித் துளையோ பட்டையோ இல்லை என்று கண்டு திருப்பித் தந்தவள், "இவர்களுக்கு ஆடை இல்லையா?" என்று கேட்டாள்.

"வீட்டில் ஒரு தையற்காரி காத்திருக்கிறாள்" என்றோம்.

தையற்காரி அன்றிரவே வேலையைத் தொடங்கிவிட்டாள். பெண் பொம்மைக்குப் பழைய தாவணியில் சேலை. ஆணுக்குக் கைக்குட்டையில் வேட்டி. முதலில் முகர்ந்து பார்த்து, "கசக்குமா?" என்று கேட்டு, நாங்கள் தடுப்பதற்குள் நுனிநாக்கால் தொட்டும் பார்த்தாள். இருபத்து இரண்டு குடிமக்களும் தங்கள் தட்டிலிருந்து இறங்கி வந்து புதியவர்களைச் சூழ்ந்து நின்றனர்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சித்தூருடன் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசினோம். அக்கா பூசை அலமாரியின் முன் கைப்பேசியைப் பிடித்தார். தகரப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்ட செம்மர இணையின் நடுவில் முயற்காதன் நின்றான். இடுப்பில் சரிகை வைத்த பட்டு வேட்டி!

"நின்றால் அவிழ்ந்து விழுகிறது" என்றார் அக்கா. "இடுப்பு அளவு சரியாகத் தெரியவில்லை. உன்னிடம் இருக்கிற மற்றவனை அளந்து சொல்லடி, குழந்தை."

பெயர்த்தி அளவுகோலை எடுக்க ஓடினாள்.